உறை பிரியாத தந்தி

1899 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. பகல் 1.35.

தங்கவயலில், நந்திதுர்க் பக்கத்துச் சுரங்கம் ஒன்றின் சூப்பிரண்டு துரை குழியிலிருந்து மேலே வந்து, கைகூடக் கழுவாமல் மேஜை முன் உட்கார்ந்தார். எதிரே ஒரு தந்தி உறை இருந்தது. நன்றாக ஒட்டியிருந்தது. அவரே கத்தியால் கிழித்தார்.

பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த சுரங்க டாக்டர் அனுப்பிய தந்தி அது. சுரங்க வெடி விபத்தில் காலை இழக்கும் நிலையில் இருந்த முனியப்பனின் உடம்பு மோசமாகிவிட்டது. மனைவியைப் பார்க்காமல் கத்தி வைக்கச் சம்மதிக்க மாட்டேன் என்கிறான். நாலு மணிக்கு மேல் காத்திருக்க முடியாது. மனைவியை உடனே அனுப்பவும். வார்டு மூன்று.

துரை பதறிப்போய் ஆபீஸ் ரைட்டரைக் கூப்பிட்டார். முனியப்பனின் மனைவி கங்கம்மாவை உடனே அழைத்து வரச் சொன்னார். அடுத்த ரயில் ஐந்து மணிக்குத்தான், எப்படியும் நேரமாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே சொன்னார்.

ரைட்டர் தலையைச் சொறிந்தார். கங்கம்மா பதினொன்று நாற்பது வண்டியிலேயே பெங்களூருக்குப் போய்விட்டாளாம். நாலு மணிக்கு ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டே ஓடினாளாம்.

துரை தன் கையிலிருந்த கிழிந்த உறையைப் பார்த்தார். அது கிழிந்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

*

ஜூலை 13, வியாழக்கிழமை. காலை 9.30.

தந்தி ஆபீசில், சேதி வாங்கும் சிக்னலர் சிரில் நிற்க, அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் மாணிக்கராஜ். தந்தி இலாகாவின் லைன் இன்ஸ்பெக்டர். வேலூர்க்காரர். பாதி வாழ்க்கையைக் கம்பங்களுக்கு அடியில் கழித்தவர். ஒரு மாதமாகவே தங்கவயலுக்கு வர வேண்டியிருந்தது. சுரங்கம் தனக்குள் பேசிக்கொள்ளப் போட்டிருந்த டெலிபோன் கம்பியின் லைசென்ஸ் முடியப் போகிறது. கம்பியைப் பார்த்து, புதுப்பிக்கலாமா என்று அவர் எழுத வேண்டும். அதோடு, உறை பிரியுமுன்பே சேதி வெளியே போய்விட்டது என்று துரை கொடுத்த புகாரும் சேர்ந்துகொண்டது.

புகார் சிறியதல்ல. பதினான்கு வருஷத்துக்கு முன் வந்த தந்திச் சட்டம் ஒரு விஷயத்தில் கறாரானது. தந்தி ஊழியன் பிறருடைய சேதியை வெளியே விட்டால் மூன்று வருஷம் வரை சிறை. தங்கவயலில் உறைக்குள் இருந்ததை அறிந்தவன் சிரில் ஒருவன்தான். அவனுக்கு இருபத்தைந்து வயது. மனைவி டெய்சிக்கு எட்டாம் மாதம்.

"எத்தனை மணிக்கு வந்தது?"

"பத்து நாப்பத்திரண்டுக்கு ஆரம்பிச்சுது சார். பத்து நாப்பத்தேழுக்கு முடிஞ்சுது."

"அப்போ இங்கே யார் இருந்தது?"

"நான் மட்டும்."

"அப்புறம்?"

"நல்ல தாள்ல எழுதி, ஒட்டி, ரிஜிஸ்டர்ல போட்டேன். பத்து ஐம்பத்தைஞ்சுக்கு வேலு கிட்ட குடுத்தேன். யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல சார். பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன்."

"பைபிள் இருக்கட்டும். பென்சில் தாளைக் காட்டு."

காதில் விழுவதை அப்படியே கிறுக்கும் தாள் அது. மாணிக்கராஜ் அதை வெளிச்சத்தில் பிடித்தார். வார்டு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 5 என்று எழுதி, அடித்து, மேலே 3 என்று எழுதியிருந்தது.

சிரில் விளக்கினான். பௌரிங்பேட்டையிலிருந்து சேதியை அடித்தவர் முதலில் ஐந்து என்று அடித்துவிட்டார். எண் வரும் தந்திகளில், சேதி முடிந்ததும் எண்களை மட்டும் இன்னொரு தடவை அடித்துக் காட்ட வேண்டும் என்பது இலாகாவின் வழக்கம். அப்படிக் காட்டும்போது மூன்று என்று வந்தது. எது சரி என்று சிரில் திருப்பிக் கேட்டான். மூன்று என்று பதில் வந்தது. நல்ல தாளில் மூன்று என்றுதான் எழுதினான்.

மாணிக்கராஜ் அந்தப் பென்சில் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேஜை மேலிருந்த பித்தளைக் கருவி அப்போது தானாகவே பேசத் தொடங்கியது. டக், டக். டக்... டக்.

தந்தியில் சேதி வருவதைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கருவி எழுத்தை எழுதுவதில்லை, ஊதுவதுமில்லை. கம்பியில் மின்சாரம் வந்ததும் ஒரு சின்னக் கரம் கீழே விழுந்து ஒரு டக். மின்சாரம் நின்றதும் அது மேலே எழும்பி இன்னொரு டக். இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருந்தால் அது புள்ளி. அதிகமாக இருந்தால் கோடு. ஆக, சிக்னலர் கேட்பது ஒலியை அல்ல, இரண்டு ஒலிகளுக்கு நடுவே உள்ள மௌனத்தின் அளவை. பழகாத காதுக்கு அது தகரக் கூரையில் மழை விழுவது போல இருக்கும்.

வாசலில் நின்ற பியூன் வேலுவை மாணிக்கராஜ் கூப்பிட்டு, வழியில் யாராவது உறையை வாங்கிப் பார்த்தார்களா என்று கேட்டார்.

"யாரும் தொடலீங்க."

"நீ பார்த்தாயா?"

"நமக்கு எழுத்தே தெரியாதுங்க. உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியணும்னா கவர தின்னுதான் பாக்கணும்."

"பதினொரு மணிச் சங்கு ஊதும்போது எங்கே இருந்தாய்?"

"ரயில் கேட்டாண்ட. இன்னும் ஒன்றரை மைல் பாக்கி."

*

காலை 10.45. நந்திதுர்க் தொழிலாளர் லைன் வீடுகள்.

தினமும் பத்தே முக்காலுக்குக் குழாயைத் திறப்பார்கள். பதினொரு மணிக்குச் சுரங்கச் சங்கு ஊதியதும் மூடுவார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் நாற்பது குடும்பங்கள் தண்ணீர் பிடித்தாக வேண்டும். பெண்கள் வரிசையாகக் குடத்தோடு நின்றார்கள். மாணிக்கராஜ் கொஞ்சம் தள்ளி நின்று, செவ்வாய்க்கிழமை கங்கம்மா எப்போது கிளம்பினாள் என்று விசாரித்தார்.

பக்கத்து வீட்டுப் பார்வதம்மா வரிசையை விட்டு நகராமலே பதில் சொன்னாள்.

"சங்கு ஊதறதுக்கு முன்னாடியே போய்ட்டா சார். குடம் பாதிகூட ரொம்பல. அப்படியே போட்டுட்டு ஓடினா. நான்தான் ரொப்பி அவ வீட்ல வச்சேன்."

"யார் வந்து சொன்னது?"

தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"அத மட்டும் கேக்காதீங்க. நாங்க பத்து பேரு நின்னோம். அந்நேரம் பாத்து பத்து பேருக்கும் கண்ணுல தூசி."

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மாணிக்கராஜும் சிரித்தார். வற்புறுத்தவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பதினொன்றுக்கு முன்பே கங்கம்மா கிளம்பிவிட்டாள். அதே பதினொன்றுக்கு வேலு ஒன்றரை மைலுக்கு அப்பால் இருந்தான். சிரிலோ அவன் வாய்ச்சொல்லோ ஓடி வந்திருந்தாலும் குழாயடியை அதற்குள் எட்டியிருக்க முடியாது. அந்தச் சேதி கால் நடையாக வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. முந்தின நாள் மாலை, தங்கவயலுக்கு வரும் வழியில் அவர் பெங்களூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். முனியப்பன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். இடது கால் போய்விட்டது, ஆள் இருந்தான். பக்கத்தில் தரையில் கங்கம்மா. யார் சொன்னார்கள் என்று அவளிடம் கேட்டபோது அவள் நேராக அவரைப் பார்த்தாள்.

"புருசன பாக்க வந்தது தப்பா சார்? தப்புன்னா என்ன புடிச்சினு போங்க. சொன்னவங்கள சொல்ல மாட்டேன்."

வெளியே வரும்போது நர்ஸ் ஒருத்தி, அந்தப் பெண் அன்றைக்கு வேறொரு வார்டில் அழுதுகொண்டே கட்டில் கட்டிலாகத் தேடிக்கொண்டிருந்தாள் என்றாள். தான்தான் கையைப் பிடித்து மூன்றாம் வார்டுக்குக் கூட்டிவந்ததாகச் சொன்னாள். கூட்டிவந்தபோது மணி மூன்று ஐம்பதாம்.

"எந்த வார்டில் தேடினாள்?"

"ஐந்து."

நேற்று அது வெறும் தடுமாற்றமாகத் தெரிந்தது. இப்போது பையிலிருந்த பென்சில் தாள் கனத்தது.

*

காலை 11.15.

மாணிக்கராஜ் கம்பங்களை அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். பௌரிங்பேட்டையிலிருந்து வரும் தந்திக் கம்பி ரயில் பாதையோடு வந்து, நந்திதுர்க்கைத் தாண்டி, தந்தி ஆபீஸ் வரை போகிறது. சுரங்கத்தின் டெலிபோன் கம்பியும் அதே கம்பங்களில், ஒரு முழம் கீழே, ஒன்றரை மைல் கூடவே போகிறது. புதுக் கம்பம் நட வேண்டாம், இலாகாவின் கம்பத்திலேயே தொங்கவிடலாம் என்று லைசென்சிலேயே எழுதியிருந்தது. ஒற்றைக் கம்பி போதும், திரும்பும் மின்சாரத்துக்குப் பூமியே வழி என்றும் எழுதியிருந்தது. தந்திக்கும் அப்படித்தான்.

அந்த டெலிபோன் கம்பியில் மூன்று கருவிகள். சூப்பிரண்டு ஆபீசில் ஒன்று, குழிக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாயில் ஒன்று, தொழிலாளர் மருந்தகத்தில் ஒன்று.

மருந்தகம் எங்கே என்று திரும்பிப் பார்த்தார். குழாயிலிருந்து இருபது அடி.

*

காலை 11.40. மருந்தகம்.

ஆயா ஐடா மேஜையில் கட்டுத் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் புடவை, நாற்பது வயது. டாக்டர் ஊரில் இல்லை, வயிற்று வலி என்றால் பெஞ்சில் உட்காருங்கள், வேறு எந்த வலி என்றாலும் நாளைக்கு வாருங்கள் என்றாள். மாணிக்கராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார்.

சுவரில் டெலிபோன். அதன் கீழே ஒரு நாற்காலி. ஒரு நிமிஷம் பேசுகிறவர்கள் நின்றுகொண்டே பேசுவார்கள். நாற்காலி எதற்கு?

அவர் எழுந்து, கம்பி சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று சொல்லி, காதுக்குழலை எடுத்துக் காதில் வைத்தார். முதலில் எண்ணெய் பொரிவது போல ஒரு இரைச்சல். அதன் அடியில், வெகு தூரத்தில், மெல்லிசாக: டக், டக். டக்... டக். பௌரிங்பேட்டை யாருக்கோ அரிசி மூட்டை வந்து சேர்ந்த சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு கம்பியில் மின்சாரம் தொடங்கும்போதும் நிற்கும்போதும், தொடாமலே, பக்கத்துக் கம்பியில் ஒரு சின்ன நடுக்கம் உண்டாகும். விளக்கை எரிக்கவோ கரத்தை அசைக்கவோ அதற்குச் சக்தி போதாது. ஆனால் டெலிபோனின் தகடு மனிதக் குரலுக்கே அதிரக்கூடியது, அதற்கு இது போதும். அழகு என்னவென்றால், நடுக்கம் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும்தான். ஆகவே காதுக்குழலில் கேட்பதும் இரண்டு டக், நடுவே மௌனம். சிரிலின் பித்தளைக் கருவி பேசும் அதே பாஷை.

கேட்பது எல்லாராலும் முடியும். புரிந்துகொள்ள, பழகிய காது வேண்டும்.

மாணிக்கராஜ் காதுக்குழலை மாட்டிவிட்டுப் பெஞ்சுக்கு வந்தார். பக்கத்தில் காலி மாத்திரை டப்பா ஒன்று கிடந்தது. தகர மூடியை அழுத்தினால் ஒரு டக். விட்டால் ஒரு டக். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, சலிப்பில் விளையாடுகிறவர் போல, அதை அழுத்தி அழுத்தி விட்டார். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் மூன்றே சொற்களில்.

ஐடா துணியைச் சுருட்டியபடியே எழுந்தாள். பானையில் மொண்டு, டம்ளரை அவர் முன் வைத்தாள். திரும்பி நாலு அடி நடந்தாள். நின்றாள்.

அவர் வாயைத் திறக்கவே இல்லை.

"நல்ல தண்ணி" என்றார் மாணிக்கராஜ், குடித்துவிட்டு. "உட்காருங்க ஐடாம்மா. சிரில்னு ஒரு சிக்னலர். அவன் வேலையை நிறுத்தி வைச்சிருக்காங்க. கங்கம்மாவுக்குச் சேதி சொன்னான்னு கேஸ். மூணு வருஷம் கிடைக்கலாம்."

ஐடா உட்காரவில்லை. "அந்தப் புள்ள மேலயா போட்டாங்க? எனக்குத் தெரியாது சார். ஒருத்தரும் சொல்லல." பிறகு மெதுவாக, "நான்தான்" என்றாள்.

தினமும் பத்து நாற்பதுக்கு, வேலைக்கு வராத நோயாளிகளின் எண்ணிக்கையை அவள் டெலிபோனில் ஷாஃப்டுக்குச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் குழலை உடனே மாட்டுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்பாள். அவள் புருஷன் டக்ளஸ் பௌரிங்பேட்டை ஸ்டேஷனில் சிக்னலராக இருந்தவர். கல்யாணமான புதிதில் சமையலறைத் தட்டத்தில் கரண்டியால் தட்டித் தட்டிப் பேசி அவளுக்கு அந்தப் பாஷையைப் பழக்கிவிட்டார். சண்டை வந்தால் அதில்தான் சண்டை, பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. நாலு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டார்.

"அப்புறம் எதுக்குக் கேட்கறீங்க?"

"இப்ப அங்க இருக்கிற ஏசுபாதம் அவருகிட்ட கை பழகினவரு. ஒவ்வொருத்தருக்கும் அடிக்கிற கை ஒரு தினுசு சார், உங்களுக்குத் தெரியும். இவருக்குக் கடைசி எழுத்துக்கு முன்ன ஒரு சின்ன தயக்கம். மூச்சு வாங்கற மாதிரி. அது எங்க வூட்டுக்காரரோட தயக்கம். யாரு சேதி, இன்னா சேதி, ஒன்னும் மனசுல வச்சிக்க மாட்டேன். கைய மட்டும் கேப்பேன்."

"செவ்வாய்க்கிழமை?"

"முனியப்பன் பேரு வந்துச்சு. வெளிய கொழாயில கங்கம்மா நிக்கறா, ஜன்னல்ல தெரியுது. வார்டு அஞ்சுன்னு கேட்டதும் குழல மாட்டிட்டு ஓடிட்டேன்."

"கடைசி வரை கேட்கல."

"இல்ல சார்."

"கடைசியில்தான் மூணுன்னு திருத்தினாங்க."

ஐடா வாயைப் பொத்திக்கொண்டாள். கங்கம்மா எங்கே போய்த் தேடியிருப்பாள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மாணிக்கராஜ் அவசரமாக, நேரத்துக்குப் போய்விட்டாள், அவன் பிழைத்துவிட்டான் என்றார்.

*

மாலை 4.00. சூப்பிரண்டு ஆபீஸ்.

துரை கெட்டவர் அல்ல. இன்றைக்கு வெளியே போனது நல்லதுக்குப் போனது, நாளைக்கு எது போகும் என்பது அவர் கவலை. அதோடு இலாகாவின் மேலும் கோபம் இருந்தது. லைசென்ஸ் கொடுப்பது நீங்கள், கம்பி ஓட்டுவது நீங்கள், உங்கள் ஆள் தப்பு செய்தால் விசாரிப்பதும் நீங்களே, இதில் நான் எங்கே போய் நியாயம் கேட்பது என்று ஆங்கிலத்தில் பொரிந்தார். அந்தக் கேள்வி சரியான கேள்வி என்று மாணிக்கராஜ் ஒப்புக்கொண்டு, அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு சிரிலின் பென்சில் தாளை மேஜையில் விரித்தார்.

"உங்கள் உறைக்குள் இருந்தது மூன்று. கங்கம்மா தேடியது ஐந்து. உறையைப் படித்தவரோ, சேதியை முழுதாக வாங்கிய சிரிலோ சொல்லியிருந்தால் அவள் நேரே மூன்றுக்குப் போயிருப்பாள். ஐந்து என்பது கம்பியில் சில நிமிஷங்கள் மட்டும் உயிரோடு இருந்த எண். அதைச் சொன்னவர், சேதி முடிவதற்கு முன்பே கேட்டு, முடிவதற்கு முன்பே ஓடியவர். அந்த நேரத்தில் சிரில் நாற்காலியை விட்டு எழுந்திருந்தால் திருத்தத்தை வாங்கியிருக்க முடியாது."

"அப்படியானால் யார்?"

ஐடா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடாமலே மாணிக்கராஜின் பின்னால் வந்திருந்தாள். "நான் ஐயா" என்றாள்.

தந்தி இதில் கேட்கிறது என்று மாணிக்கராஜ் சொல்ல, துரை டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தார். நீண்ட நேரம் கேட்டார். இந்த இரைச்சல் எப்போதும் இருப்பதுதானே, கருவி மட்டமானது என்று நினைத்திருந்தேன் என்றார்.

மாணிக்கராஜ் சட்டத்தை எடுத்துச் சொன்னார். தந்தி ஊழியன் வெளியிட்டால் ஒரு பிரிவு உண்டு, ஐடா ஊழியர் அல்ல. ஆபீசுக்குள் அத்துமீறி நுழைந்தால் ஒரு பிரிவு, அவள் நுழையவில்லை. கம்பியில் கை வைத்தால் ஒரு பிரிவு, அவள் தொடவில்லை. தனக்கு அனுமதித்த கருவியை, தன் வேலை நேரத்தில், காதில் வைத்திருந்தாள். சட்டம் எழுதியவர்கள் ஒரு கம்பி இன்னொரு கம்பியின் பேச்சைக் கேட்கும் என்று நினைக்கவில்லை. "குற்றவாளியைக் காட்டச் சொன்னால் அந்தக் கம்பத்தைத்தான் காட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தொங்கவிடச் சொன்னது எங்கள் லைசென்ஸ்."

அவர் அன்றே அறிக்கை எழுதினார். சிரிலை உடனே வேலையில் சேர்க்க வேண்டும். தனியார் டெலிபோன் கம்பிகள் தந்திக் கம்பத்தில் போகக் கூடாது, தனிக் கம்பத்தில், போகவும் வரவும் இரட்டைக் கம்பியாகப் போட வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றில் வரும் நடுக்கத்தை மற்றது அழித்துவிடும். தற்செயலாகக் கேட்டவரும் அடுத்தவர் சேதியைக் காக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர வேண்டும். இலாகாவின் ஊழியர் மேல் புகார் வந்தால் இலாகாவுக்கு வெளியே உள்ள ஒருவர் விசாரிக்க வேண்டும். சட்டமும் விசாரணையும் பெரிய இடங்களின் மேஜைகளில் எத்தனை வருஷம் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். இரட்டைக் கம்பியை மட்டும் அவரே லைசென்சில் எழுதிக் கையெழுத்திட முடியும். எழுதினார்.

ஐடாவின் வேலை போகவில்லை. துரை எழுந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்.

"இரட்டைக் கம்பி போட்டா அந்த சத்தம் வராதா சார்?"

"வராது."

"சுத்தமா?"

மாணிக்கராஜுக்குக் கம்பிகளைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியாது. "சுத்தமா" என்றார்.

ஐடா தலையசைத்தாள். "அந்தப் புள்ள வீட்டுக்குப் போவட்டும். அது போதும்."

*

ஆகஸ்டு 14, திங்கட்கிழமை. காலை 10.40.

புதுக் கம்பங்கள் நட்டாகிவிட்டன. பழைய டெலிபோன் கம்பியை அறுக்க லைன்மேன் ஏணியில் குறடோடு தயாராக நின்றான். மாணிக்கராஜ் கையைக் காட்டினால் அறுப்பான். வேலு வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

கம்பத்தில் வேலை நடக்கும் நாளில் தந்திக் கம்பியைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. எழுத்துகளை வரிசையாக அடித்துக் காட்ட வேண்டும். எத்தனை தடவை என்று விதியில் இல்லை. பத்து நிமிஷம் அடிக்கும்படி மாணிக்கராஜ் பௌரிங்பேட்டைக்கு எழுதியிருந்தார். ஏசுபாதம் ஏன் என்று கேட்கவில்லை.

மருந்தக ஜன்னல் வழியே தெரிந்தது. ஐடா நோயாளிகளின் எண்ணிக்கையை ஷாஃப்டுக்குச் சொல்லி முடித்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். குழலை மாட்டவில்லை.

குழாயடியில் தண்ணீர் திறந்தார்கள். குடங்கள் ஒன்றோடொன்று மோதின. பார்வதம்மா ஜன்னலைப் பார்த்துவிட்டு, வாயில் விரல் வைத்து வரிசையை அடக்கினாள். ஏணியில் நின்றவன், எப்போது சார் என்பது போலக் கீழே பார்த்தான். மாணிக்கராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு ஐடா எழுந்தாள். குழலைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து மாட்டினாள். ஜன்னலுக்கு வந்து அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

இந்த முறை அவள் கடைசி எழுத்து வரை கேட்டிருந்தாள்.